ஐந்தாவது குடும்பம்

ஜனவரி 6

வங்கிக்காரன் இன்று அம்மா பீடி கொடுக்கப் போகிற கடைக்கே போன் போட்டுவிட்டான். அம்மா சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். கடைக்காரர் போனைக் காதில் வைத்தபடியே, "ஏளா, ஒம் மவ படிச்ச கடன் கட்டலையாம்லா" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அதை என்னிடம் போனில் சொல்லும்போது அம்மா சிரித்தாள்.

நான் சமூகப்பணியில் முதுகலை. படிக்கப் போனபோது இசக்கியம்மாள் கலெக்டராகத் திரும்பி வருவாள் என்கிற மாதிரிதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். மூன்று வருடமாக மதுரைக்கு வெளியே ஓர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மனநிலை தவறித் தெருவில் திரிந்த பெண்களைப் போலீஸ்காரர்கள் எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். வைத்தியம் பார்த்து, தேறியதும் அவர்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பது என் வேலை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக என் சம்பளத்தில் மிஞ்சுவது தவணைக்குப் பாதிகூட வராது. வட்டி மட்டும் நன்றாக வளர்கிறது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. சென்னையில் ஓர் அறக்கட்டளை எங்களைப் போன்றவர்களின் கல்விக் கடனை மொத்தமாக அடைக்கிறது. ஒரே இல்லத்தில் மூன்று வருடம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஐந்து பேரையாவது குடும்பத்தோடு சேர்த்திருக்க வேண்டும். மூன்று வருடம் ஆயிற்று. சேர்த்தது நான்கு பேரை. மார்ச் முடிவதற்குள் இன்னும் ஒருத்தி வேண்டும்.

"ஒண்ணுதானே இசக்கி, கிடைச்சிரும்" என்றார் பெனிட்டா மேடம். இல்லத்தின் பொறுப்பாளர் அவர்தான். சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிற மாதிரி சொல்கிறார்.

ஜனவரி 7

மோட்டார் ரிப்பேர். நாற்பது பேரையும் லாரித் தண்ணீரில் குளிப்பாட்டினோம். முதுகு விட்டுப்போயிற்று.

ஜனவரி 20

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வெள்ளியின் படத்தை எடுத்துப் போக நினைத்திருந்தேன். மறந்துவிட்டேன்.

பெயர் சொல்லத் தெரியாதவர்களுக்கு, வந்து சேர்ந்த கிழமையின் பெயரையே இல்லத்தில் வைத்துவிடுவது வழக்கம். வெள்ளி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "ம்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. சாந்தமானவள். வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, வெறும் மடியில் விரலை ஆட்டிக்கொண்டே இருப்பாள்.

சனிக்கிழமை வரும் டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்தோட வேலை. சில பேருக்கு இப்படி விரல் உருட்டும்" என்றார். நான் சரிங்க டாக்டர் என்றேன். ஆனால் நடுக்கம் என்றால் எங்கேயும் நிற்காமல் ஒரே மாதிரி ஆடும். இவள் விரலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இடது கையில் எதையோ விரித்துப் பிடிக்கிறாள், வலது கையால் கிள்ளி வைக்கிறாள், உருட்டுகிறாள், நகத்தால் முனையை மடக்குகிறாள், சுற்றிக் கட்டுகிறாள். பிறகு திரும்பவும் முதலிலிருந்து. நான் பிறந்த நாளிலிருந்து பார்த்த விரல் இது. அந்த விரலில்தான் நான் படித்தேன்.

அடுத்த மாதம் போகும்போது படத்தை அம்மாவிடம் கொடுத்துப் பீடிக் கடையில் காட்டச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3

வங்கிக்காரன் இந்தத் தடவை வீட்டுக்கே வந்துவிட்டான். "வாசல்ல பைக்க நிப்பாட்டிக்கிட்டு நாலு வீட்டுக்குக் கேக்குத மாதிரி பேசுதாம்ட்டி" என்றாள் அம்மா. "நீ ஒண்ணும் வெசனப்படாத. நான் கொஞ்சம் கூடச் சுத்துதேன்."

கூடச் சுத்துவாளாம். ஏற்கெனவே இருமி இருமித்தான் தூங்குகிறாள். வங்கிக்காரன் மேல் வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், சாம்பாரில் உப்பில்லை என்று சமையலறையில் சண்டை போட்டேன்.

பிப்ரவரி 13

ராமநாதபுரம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து போன். போலீஸ் வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் போட்டுவைத்த படங்களில் ஒன்று, ஒன்பது வருடத்துக்கு முன் காணாமல் போன ஒரு பெண்ணின் சாயலில் இருக்கிறதாம். நாகவள்ளி. ஊர் மேலவலசை. அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள். எந்தப் படம் என்று கேட்டேன். வெள்ளியின் படம்.

ஐந்து என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிக்கு வீடு கிடைக்கப் போகிறது என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது.

பிப்ரவரி 16

வந்தார்கள். அம்மா பூங்காவனம், எழுபது இருக்கும், இரண்டு கண்ணிலும் புரை. அண்ணன் சேதுராமு, மிளகாய் விவசாயம்.

இதற்கு ஒரு முறை உண்டு. தேடி வருகிறவர்களை முதலில் தனியாக உட்காரவைத்து அடையாளம் கேட்க வேண்டும். மச்சம், தழும்பு, பல், பழக்கம் எல்லாம். கேட்டு எழுதி முடித்த பிறகுதான் ஆளைக் கண்ணில் காட்ட வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இதை முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பேன். வரிசை மாறினால் எல்லாம் போச்சு என்பேன்.

இன்று வரிசை மாறிவிட்டது. கேட்டைத் திறந்ததும் எதிரே வேப்பமரம். கிழவி மகனின் கையை உதறிவிட்டுப் போய் வெள்ளியின் முகத்தைத் தடவித் தடவி அழ ஆரம்பித்துவிட்டாள். "என் நாகு, என் நாகு, இம்புட்டு நாளா எங்க ஆத்தா போயிருந்த" என்று. அந்த நேரத்தில் எந்த மகராசி போய்த் தடுப்பாள். வெள்ளியை முன்கூட்டியே உள்ளே அனுப்பியிருக்கலாம். அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அண்ணனிடம் அடையாளம் கேட்டேன். அவர் வெள்ளியைப் பார்த்துக்கொண்டே, "கன்னத்துல மச்சம் இருக்கும்" என்றார். இருந்தது. "கையில ஒரு தீக்காயம் உண்டு. சின்னப் புள்ளையில நெல்லு அவிக்கிற அடுப்புல விழுந்தா" என்றார். இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பிப் பார்த்தார். "ஆறிப்போயிருக்கும்லங்க மேடம்?"

"ஒன்பது வருசம் ஆச்சே. ஆறியிருக்கும்" என்றேன்.

அடையாளம் காணப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடமும் போட்டார்.

பிப்ரவரி 17

சவரியம்மா அக்கா பத்து வருடமாக இல்லத்துப் பெண்களைக் கவனித்துக்கொள்கிறவர். இன்று துணி காயப்போடும்போது சொன்னார்: "ஏம்மா இசக்கி, மிளகாக் காட்டுல பொறந்தவளா இவ? அடுப்புல ரெண்டு வத்தலைக் கிள்ளிப் போட்டா வாசலுக்கு ஓடுறாளே."

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்கக்கா" என்று சிடுசிடுத்தேன். பெற்ற தாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விரல் ஆடுவது மருந்தின் வேலை என்று டாக்டரே சொல்லிவிட்டார். டாக்டரைவிட எனக்குத் தெரியுமா.

பிப்ரவரி 23

வெள்ளியை, இல்லை, நாகவள்ளியை மேலவலசையில் விட்டுவிட்டு வந்தேன். ஊரே கூடி நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். புதுச் சேலை, இலை போட்டுச் சாப்பாடு. எனக்கும் ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார்கள். வழியில் ஸ்டேஷனில் இறங்கிக் காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்ததும் புகாரை முடித்துவிட்டார்கள். ஏட்டு டீ வாங்கிக்கொடுத்தார். "இனிமே இந்தப் பேர்ல ஒரு தொல்லையும் இல்ல" என்றார்.

புறப்படும்போது வெள்ளி என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, அழவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். பழகிய ஆளைப் பிரிகிறபோது எல்லாரும் செய்வதுதான். விரலை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். பொன்வண்டு மாதிரி அவ்வளவு லேசாக இருந்தன.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வந்த அலுப்பு.

மார்ச் 22

அறக்கட்டளைக்கு எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. முறைப்படி இந்த மாதம் மேலவலசைக்கு நேரில் போய் அவளைப் பார்த்திருக்க வேண்டும். வேலை அதிகம். போனில் விசாரித்தேன். நன்றாக இருக்கிறாளாம்.

ஏப்ரல் 12

கடன் அடைந்தது. வங்கியிலிருந்து அம்மாவுக்கே போன் வந்திருக்கிறது. அதே ஆள்தான், இந்தத் தடவை 'அம்மா' என்று கூப்பிட்டானாம். அம்மா கடைக்குப் போய் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்திருக்கிறாள். "கடைக்காரருக்கு ரெண்டு குடுத்தேன்" என்றாள்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 27

மேலவலசை. இதைத் தட்டிக்கழிக்க இனி ஒரு சாக்கும் இல்லை.

வெள்ளி இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறாள். முற்றம் முழுக்க வத்தல் காய்கிறது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் விரல்கள் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

"தாயி, இந்த வெரல ஏன் இப்பிடி ஆட்டிக்கிட்டே இருக்கா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"மாத்திரை சாப்பிடுறதாலம்மா."

"அப்பச் சரி. அவ வந்ததுலேருந்து எனக்கும் நல்லாத் தூக்கம் வருது. அதுக்கு முன்னாடி நாய் கொலைச்சாக்கூட அவதான் வந்துட்டாளோன்னு எந்திரிச்சு ஓடுவேன்."

சேதுராமு காட்டில் வேலையாக இருந்தார். அவர் வருவதற்குள் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மே 4

ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா எனக்குப் பிடிக்கும் என்று உளுந்தங்களி கிண்டினாள். அவள் கையைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

ஜூன் 17

கோயம்புத்தூர்ப் பக்கத்து இல்லம் ஒன்றிலிருந்து நிவேதிதா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அவளும் என்னைப் போலச் சமூகப்பணியாளர். குரலைக் கேட்டால் என்னைவிடச் சின்னவள்.

"அக்கா, ஒரு சந்தேகமுங்க. மேலவலசை நாகவள்ளின்னு ஒருத்தரை வீட்டுல சேர்த்தது நீங்கதானுங்களே? அந்த ஊர்ல அதே பேர்ல இன்னொருத்தர் யாராச்சும் இருக்காங்களா?"

ஏன் என்று கேட்டேன்.

"மார்ச் மாசம் எங்ககிட்ட ஒருத்தங்க வந்தாங்க. பேரு, ஊரு, அண்ணன் பேரு சேதுராமு, எல்லாம் தெளிவாச் சொன்னாங்க. அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். அவங்க ஏற்கெனவே கிடைச்சு வீட்டுல இருக்காங்க, கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்ப இவங்க யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசறாங்கன்னு டாக்டரும் சொன்னார். நானும் அவங்ககிட்ட, 'இல்லீங்க, அந்த நாகவள்ளி வீட்டுக்குப் போயிட்டாங்களாம், நீங்க வேற பேரு யோசிச்சுப் பாருங்க'ன்னு சொன்னேனுங்க."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க. அன்னைக்கோட பேச்சை நிறுத்திட்டாங்க. ஏப்ரல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப எங்கேயோ போயிட்டாங்க. இன்னும் தேடிட்டிருக்கோம். நேத்து அவங்க சொன்னதை எல்லாம் திரும்பப் படிச்சேன். மனசு கேக்கலீங்க, அதான் கூப்பிட்டேன்."

அவள் தன்மேல்தான் தப்பு என்பது போல அழுதாள். இல்லை, உன்மேல் ஒன்றும் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். படம் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

படம் வந்தது. முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டு வரைக்கும், சுருங்கிப் பளபளக்கிற தீக்காயம். எந்தக் காலத்திலும் ஆறி மறையக்கூடியது இல்லை.

ஜூன் 18

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை எப்படி மாறியது என்பதை, விரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, சவரியம்மா அக்கா சொன்னதை. ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். மேடம் கோப்பை எடுத்து, கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் பிரித்தார்.

"ஒண்ணுதானே கிடைச்சிரும்னு நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு, "கையெழுத்து என்னோடதும் இருக்கு. அறக்கட்டளைக்கு நான் எழுதுறேன். அந்தக் குடும்பத்துக்கு நீ போய்ச் சொல்லு. அதை போன்ல சொல்லக்கூடாது. நாகவள்ளி புகாரை இன்னைக்கே திரும்ப எடுக்கச் சொல்றேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். கடன் திரும்பவும் நம் தலையில் விழும் என்று ஆரம்பித்து, மிச்சத்தையும் சொன்னேன். அம்மா கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பீடி சுத்துதவளா? வெரல வச்சே தெரிஞ்சிருக்கும்லாட்டி ஒனக்கு?"

"தெரிஞ்சுதும்மா."

அம்மா பீடித் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"படத்த ஒன் தங்கச்சி போனுக்கு அனுப்பு. கடையில காட்டுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. எப்போதும் கேட்பாள்.

ஜூன் 19

ஒரு நாள்கூட ஆகவில்லை. கடையில் காட்டி, அங்கிருந்து இன்னொரு கடைக்கு அனுப்பி, மத்தியானத்துக்குள் ஆள் தெரிந்துவிட்டது. வெள்ளியின் பெயர் முப்பிடாதி. எங்கள் ஊரிலிருந்து நாலு ஸ்டாப் தள்ளி. அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். படத்தைப் பார்த்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாளாம். தங்கையிடம் போனில் முறைப்படி அடையாளம் கேட்டேன், படத்தைத் தவிர எதையும் காட்டாமல். கடைவாயில் ஒரு பல் இல்லை, வலது குதிகாலில் முள் எடுத்த தழும்பு. இரண்டும் வெள்ளியின் மருத்துவக் குறிப்பில் இருக்கின்றன.

இந்த ஒரு மத்தியானத்து வேலையைத்தான் பொங்கலுக்கு நான் மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை. படம் பைக்குள்ளேயே இருந்தது. நாலு நாள் லீவில் அலைய அலுப்பாக இருந்தது.

ஜூன் 21

மேலவலசைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சேதுராமு வீட்டில் இருந்தார். அவரைத் தெருமுனைக்கு அழைத்துப்போய்ப் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான். போனை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"நாகுதான்" என்றார். "எங்க இருக்கா?"

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். அவர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு எனக்கும் சந்தேகம் வந்துச்சு மேடம். ஆத்தா அழுதத பாத்துட்டு, படிச்ச புள்ள நீங்களும் சொல்லவும், சரின்னுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நான் ராத்திரி வண்டிக்குக் கோயம்புத்தூர் போறேன். ஆத்தாகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால ஆகாது" என்றார்.

பூங்காவனம் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளி அவளுக்கு முன்னால். நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். இவள் உங்கள் மகள் இல்லை, இவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், நாளை வருகிறாள். உங்கள் மகள் மார்ச் மாதம் கோயம்புத்தூரில் இருந்தாள். உங்கள் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். நீ நாகவள்ளி இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள், அவள் எங்கேயோ போய்விட்டாள். அப்படிச் சொல்லவைத்தது நான்.

கிழவி அழவில்லை. கையை நீட்டி வெள்ளியின் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, கன்னம். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"ஊருக்குப் போற புள்ள. தலைய இப்பிடிப் பரட்டையா விட்டு அனுப்பக் கூடாது" என்று சொல்லி, எண்ணெயும் சீப்பும் கொண்டுவரச் சொன்னாள். மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள். கிழவி மெதுவாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். கண் தெரியாததால் கையால் தொட்டுத் தொட்டுத்தான் எடுத்தாள். வெள்ளி தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். இருவரும் அதற்குப் பழகியிருந்தார்கள்.

"தாயி" என்றாள் கிழவி, சீவிக்கொண்டே. "நாகுக்கு முட்டி வரைக்கும் முடி. வீட்டுல இருந்தவரைக்கும் நான்தான் சீவிவிடுவேன், வேற யாரையும் தொட விடமாட்டா. அங்க அவளுக்கு யாரு சீவிவிட்டா?"

சேதுராமு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். என் போன் இன்னும் அவர் கையில் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குப் பேனுக்கும் புண்ணுக்கும் பயந்து முதல் நாளே ஒட்ட வெட்டிவிடுவது எல்லா இல்லத்திலும் உள்ள வழக்கம். அந்தப் படத்தில் நாகவள்ளியின் தலையில் முடி இல்லை.

"அங்க இருந்த பிள்ளைங்க சீவிவிட்டாங்கம்மா. தினமும்" என்றேன்.

கிழவி சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த சிக்கைத் தேடினாள். சேதுராமு என்னைப் பார்த்தார்.